அத்தையோட 42 தொட்டியையும் தூக்கிப் போடணுமா? ஒரு வாசகிக்கு டாக்டரோட பதில்

இந்த தடவை வந்த கடிதம் கொஞ்சம் நீளம். அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்தை எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம், 9வது மாடி, நாலறை வீடு. எழுதினவங்களுக்கு 33 வயசு, நாலு மாசம் முழுகாம இருக்காங்க. 4 வயசுல ஒரு பொண்ணு, அந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா. கூடவே மாமியார், 67 வயசு, சுகர் இருக்கு. மாமனார் தவறினதுக்கு அப்புறம் ஆறு வருஷம் முன்னாடி மன்னார்குடி பக்கத்துல இருந்து மகன் வீட்டோட வந்துட்டாங்க. வந்ததுல இருந்து ஒண்ணு ஒண்ணா சேர்த்து இப்ப 42 தொட்டி. ஹால்ல மணி பிளான்ட், பீஸ் லில்லி, டம்ப் கேன், படுக்கை ரூம்ல ஸ்நேக் பிளான்ட், அடுப்படி ஜன்னல்ல கறிவேப்பிலை, வாசல் காரிடார்ல துளசி, மல்லிகை, நித்தியகல்யாணி, சாமிக்குன்னு ஒரு செவ்வரளி. போன மாசம் என்இஏ (தேசிய சுற்றுப்புற அமைப்பு) ஆளுங்க வந்து பார்த்தப்ப ஹால்ல மணி பிளான்ட் வச்சிருந்த கண்ணாடி ஜாடித் தண்ணியில கொசுப்புழு, 200 வெள்ளி அபராதம். பக்கத்து புளோக்ல ரெண்டு பேருக்கு டெங்கி. பொண்ணு ரெண்டு மாசமா ராத்திரில இருமிக்கிட்டே இருக்கா. வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு "பிள்ளை முக்கியமா செடி முக்கியமா"ன்னு கேட்டுட்டு, வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கீழ கொண்டு போய் போடப்போறேன்னு சொல்லிட்டாராம். அத்தை பதில் ஒண்ணும் பேசல, ஆனா அன்னிலேர்ந்து சரியா சாப்பிடறதில்லையாம். இருமலுக்கு செடிதான் காரணமா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்தா, எத வச்சுக்கலாம் எத போடணும், இதான் கேள்வி.

சரிம்மா, இனி உங்ககிட்டயே பேசறேன்.

நாலு பக்கம் செடியப் பத்தி எழுதியிருக்கீங்க, நான் நின்னது மூணாவது பக்கத்துல பொண்ணோட பஃபர் (இன்ஹேலர்) பத்தி போறபோக்குல எழுதின ஒரே ஒரு வரியில. "ஆரஞ்சு கலர் பஃபர் பழக்கமாயிடும்னு சொன்னாங்க, அதனால ரெண்டு மாசமா நிறுத்திட்டேன், நீலம் மட்டும்தான் கொடுக்கறேன்." இருமல் எப்ப ஆரம்பிச்சதுன்னு மறுபடி பாருங்க. அதுவும் ரெண்டு மாசம். செடி ஆறு வருஷமா அங்கயேதான் இருக்கு.

நீல பஃபர் அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயை விரிச்சு விடும், அவ்ளோதான் அதோட வேலை. ஆரஞ்சு பஃபர்ல இருக்கிறது ரொம்பக் கம்மி அளவு ஸ்டீராய்டு, மூச்சுக்குழாய்க்குள்ள இருக்கிற வீக்கத்தை தினம் தினம் அடக்கி வைக்கும், அடிமையாக்காது. நிறுத்தினா மறுநாளே ஒண்ணும் தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சு மெல்ல ராத்திரி இருமலா தலைகாட்டும், அதனால நிறுத்தினதையும் இருமலையும் நம்ம மனசு சேர்த்துப் பார்க்காது, கண்ணு முன்னாடி இருக்கிற செடி மேலதான் பழி போகும். உங்க தப்புன்னு சொல்லலமா, என்கிட்ட வர்ற பத்து அம்மாக்கள்ல நாலு பேராவது இதையே பண்ணிட்டுதான் வர்றாங்க, அதுல நர்ஸ் வேலை பார்க்கிறவங்க கூட உண்டு. பிள்ளைய நேர்ல பார்க்காம நான் முடிவா சொல்ல முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, நாளைக்கே ரெண்டு பஃபரையும், அதுல மாட்டற ஸ்பேசர் குழாயையும் எடுத்துக்கிட்டு உங்க டாக்டர்கிட்டயோ பாலிகிளினிக்குக்கோ போங்க. நிறுத்தினதை மறைக்காம சொல்லுங்க, திட்டினா திட்டிட்டுப் போகட்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா, விலா எலும்பு உள்ள இழுத்தா, உடனே 995க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

அப்ப செடிக்கு இருமல்ல பங்கே இல்லையா

கொஞ்சம் இருக்கலாம், ஆனா நீங்க நினைக்கிற வழியில இல்ல. ஹால்ல வைக்கிற இலைச்செடி எதுவும் பெருசா பூந்தூள் பறக்க விடறது இல்ல. பிரச்சனை மண்ணு. எப்பவும் ஈரமாவே இருந்தா மேல வெள்ளையா பூசணம் பிடிக்கும், அது சில ஆஸ்துமா பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது. தொட்டிய சுத்தி குட்டி குட்டியா கறுப்பு ஈ பறக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது கொசு இல்ல, கடிக்காது, ஆனா அந்த மண்ணுல தண்ணி அதிகம்னு காட்டிக் கொடுக்கிற பூச்சி. மண்ணுல விரலை விட்டுப் பார்த்து முதல் ஒரு அங்குலம் காஞ்சிருந்தாதான் தண்ணி, இந்த ஒரு பழக்கத்துலயே ஈயும் போகும் பூசணமும் போகும். பிள்ளை தூங்கற ரூம்ல மட்டும் இப்போதைக்கு தொட்டியே வேண்டாம்.

இதைவிட எனக்கு உறுத்துனது வேற. வெள்ளி செவ்வாய் துளசிக்கு சாம்பிராணி போட்டு வீடு பூரா காட்டுவாங்கன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. அந்தப் புகைதான் ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு நிஜமான எதிரி. ஏர்கான் போட்டு ஜன்னல் சாத்தின வீட்டுல இன்னும் மோசம், ஊதுபத்தியும் அப்படித்தான். சாமிக்கு விளக்கு போதும், துளசிக்கு தண்ணி போதும், அத்தைகிட்ட பேத்திக்காகன்னு சொன்னா கேட்பாங்க, இதுவரைக்கும் யாரும் சொல்லாததுனாலதான் செஞ்சுக்கிட்டு இருக்காங்க. அப்புறம் மெத்தையில இருக்கிற தூசிப்பூச்சி. சிங்கப்பூர்ல ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் அதான் முக்கியமான காரணம், பெட்ஷீட் தலையணை உறைய வாரம் ஒருதடவை 60 டிகிரி சுடுதண்ணியில துவைங்க. பஞ்சு பொம்மை எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, 42 தொட்டிய விட அதிகமா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

டெங்கி விஷயத்துல உங்க வீட்டுக்காரர் கோவம் நியாயம்

இங்க நான் அவர் பக்கம்தான். நீங்க நாலு மாசம் கர்ப்பம். கர்ப்பத்துல டெங்கி வந்தா ரத்தக்கசிவு, குறைமாசப் பிரசவம்னு சிக்கல் கூடலாம். அதே ஏடிஸ் கொசுதான் ஸிக்காவையும் பரப்புது, 2016ல அல்ஜுனிட் பக்கம் ஆரம்பிச்சு பரவுனது ஞாபகம் இருக்கும், அது குழந்தையோட மூளை வளர்ச்சியவே பாதிக்கக் கூடியது. 2020ல இந்தச் சின்ன ஊர்ல 35,000 பேருக்கு மேல டெங்கி வந்துச்சு. அதனால 200 வெள்ளி போச்சேன்னு நினைக்காதீங்க, நல்லவேளை அவங்க கண்ணுல பட்டுச்சுன்னு நினைங்க.

"நாங்க சுத்தமா வச்சிருக்கற வீடு, 9வது மாடிக்கு கொசு எப்படி வரும், வாராவாரம் தண்ணி வேற மாத்தறோம், இது அநியாயம்"னு எழுதியிருக்கீங்க. மூணுமே தப்புக் கணக்கு. ஏடிஸ் சாக்கடை தேடிப் போகாது, சுத்தமா தேங்கி நிக்கிற தண்ணியதான் தேடும், 20 காசு அகலத்துக்கு இருந்தாலே அதுக்குப் போதும். உயரம் அதுக்கு ஒரு தடையே இல்ல, லிப்ட்ல நம்ம கூடவே ஏறி வரும். முட்டையில இருந்து கொசுவா பறக்க இந்த வெக்கையில ஏழு நாள் போதும், நீங்க மாத்தறதும் ஏழு நாளைக்கு ஒருக்கா. இன்னொண்ணு, முட்டைய தண்ணியில மிதக்க விடாது, ஜாடியோட உள்பக்கச் சுவர்ல தண்ணி மட்டத்துக்கு மேல ஒட்டி வச்சிட்டுப் போயிடும், அது காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா உயிரோட இருந்து தண்ணி பட்டதும் பொரிக்கும். அதனால தண்ணிய கொட்டிட்டு அதே ஜாடியில புதுத்தண்ணி ஊத்தினா முட்டைக்கு நீங்களே தண்ணி வார்த்த மாதிரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி மாத்தணும், ஜாடிய உள்ள பிரஷ் போட்டு தேய்க்கணும், வேரையும் குழாயில காட்டி அலசணும்.

என் கதையையும் சொல்லிடறேன். கிளினிக் கவுன்டர்ல சீனப் புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த லக்கி பேம்பூ, கண்ணாடி குவளையில, டெங்கி போஸ்டருக்கு கீழயே இருந்துச்சு. ஒருநாள் ஒரு பாட்டி "டாக்டர், இதுல என்னமோ நெளியுது"ன்னாங்க. மானம் போச்சு. 2001ல சீனாவுல இருந்து கப்பல்ல போன லக்கி பேம்பூ கூடவே ஏடிஸ் இனத்துக் கொசு கலிபோர்னியாவுல போய் இறங்குன கதையெல்லாம் அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

எல்லாத்துக்கும் சுலபமான வழி தண்ணியில வளர்க்கறத விட்டுடறது. மணி பிளான்ட் மண்ணுல நல்லாவே வரும், அந்த ஜாடியில இருக்கிறதை ஒரு தொட்டிக்கு மாத்திடுங்க. தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, தட்டுதான் அடுத்த அபராதம். தரை நனையுமேன்னா தொட்டிய பாத்ரூமுக்கு தூக்கிட்டுப் போய் தண்ணி ஊத்தி முழுசா வடிஞ்சப்புறம் கொண்டு வந்து வைங்க. தூக்குறது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர். மேல் மண்ணு கெட்டிப்பட்டிருந்தா தண்ணி மேலயே நிக்கும், ஒரு முள்கரண்டியால கிளறி விடுங்க. காரிடார் தொட்டியில பிடிஐ மருந்து போடலாம், அது கொசுப்புழுவ குறிவைக்கிற ஒரு பாக்டீரியா, சொன்ன அளவுல போட்டா மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, அந்தக் கறுப்பு ஈயோட புழுவையும் சேர்த்தே கொல்லும். பகல்ல, அதுவும் காலையிலயும் சாயங்காலமும் கொசு விரட்டி பூசிக்கோங்க, டீட்ங்கற மருந்து இருக்கிறது கர்ப்பத்துலயும் லேபிள்ல சொன்னபடி பூசலாம். காய்ச்சல் வந்தா பாரசிட்டமால் தவிர வேற எதுவும் நீங்களா போடாம ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும், ஆஸ்பிரின் ஐபுரூஃபன் பக்கமே போகக் கூடாது.

அபராதத்தை எதிர்த்து எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க. எழுதலாம், அது உங்க உரிமை. நான் வக்கீல் இல்ல, ஆனா புழு இருந்ததை நீங்களே கண்ணால பார்த்ததா எழுதியிருக்கறதால கட்டிட்டுப் போறதுதான் புத்தின்னு எனக்குப் படுது. அடுத்த தடவை வந்தா அடையாள அட்டைய கேட்டுப் பாருங்க, கதவைத் திறந்து விடுங்க.

வாட்ஸ்அப்ல வந்த ரெண்டு கதை

ராத்திரியில செடி ஆக்சிஜனை உறிஞ்சிடும், அதனால படுக்கை ரூம்ல வச்சா மூச்சு முட்டும்னு ஒண்ணு. செடியும் மூச்சு விடும், உண்மைதான். தூங்கற ஒரு பெரியவர் ஒரு மணி நேரத்துல பத்து பன்னெண்டு லிட்டர் கரியமில வாயு விடறார், ரெண்டு மூணு தொட்டி விடறது அதுல ஒரு துளி. அந்தக் கணக்குப்படி ரூமை விட்டு முதல்ல வெளிய போக வேண்டியது உங்க வீட்டுக்காரர்தான்.

ரெண்டாவது இதுக்கு நேர் எதிர், பீஸ் லில்லி காத்தை சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லிடுச்சுன்னு. 1989ல நாசா பண்ணது காத்து புகாத சின்னப் பெட்டிக்குள்ள வச்சு பார்த்த சோதனை. நம்ம வீடு அப்படி இல்லையே, ஜன்னலத் திறந்தாலே காத்து மாறிடுது. 2019ல அமெரிக்காவுல ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்பக் கணக்குப் போட்டாங்க. ஜன்னல் செய்யற வேலையை செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வரைக்கும் வைக்கணும்னு வந்துச்சு. அத்தைகிட்ட இந்தக் கணக்கை மட்டும் சொல்லிடாதீங்க, 42 பத்தாதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

எத போடணும், எத மேல ஏத்தணும்

செவ்வரளிய போட்டே ஆகணும். இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம், இதயத்துடிப்பையே குழப்பும், நாலு வயசுப் பிள்ளையும் நாளைக்கு தவழப் போற பிள்ளையும் இருக்கிற வீட்டு வாசல்ல அது வேண்டாம். சாமிக்குப் பூ வேணும்னா தேக்காவுல கிடைக்குது.

மணி பிளான்ட், டம்ப் கேன், பீஸ் லில்லி மூணும் வேற ரகம். அதுங்க இலையில ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், பிள்ளை கடிச்சா வாய் எரிஞ்சு, வீங்கி, எச்சில் ஒழுகும், பெரும்பாலும் அதோட நின்னுடும். வாயைத் துடைச்சு விட்டு ஜில்லுன்னு பாலோ தண்ணியோ கொடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, நாக்கு வீங்கி மூச்சுக்கோ முழுங்கவோ கஷ்டப்பட்டா 995. டம்ப் கேன் ரொம்ப மோசமா எரியும், அதை யாருக்காவது கொடுத்துடலாம். மத்த ரெண்டையும் உயரத்துல வச்சா போதும். உயரம்னா அலமாரி மேல, ஜன்னல் விளிம்புலயோ காரிடார் சுவர் மேலயோ இல்ல. 9வது மாடியில இருந்து ஒரு தொட்டி விழுந்தா கீழ போற ஆளு செத்துப் போவார், எச்டிபி (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டையே திருப்பி எடுத்துக்கற அளவுக்குப் போகக்கூடிய விஷயம் அது.

நித்தியகல்யாணி செடிய பார்க்கறதுக்கு வச்சுக்கலாம். ஆனா அத்தை சுகருக்காக தினமும் காலையில அந்தப் பூவை நாலஞ்சு மென்னு தின்பாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது இன்னியோட நிக்கணும். அந்தச் செடியில இருந்துதான் குழந்தைங்க ரத்தப் புத்துநோய்க்கு கொடுக்கிற வின்கிரிஸ்டின் எடுக்கறாங்க, அவ்வளவு வீரியமான சரக்கு, அளவு தெரியாம திங்கற பொருள் இல்ல. நீங்க அதை வாயில வைக்கவே கூடாது.

துளசி, மல்லிகை, கறிவேப்பிலை மூணையும் தாராளமா வச்சுக்கோங்க. மல்லிகை பூக்கவே மாட்டேங்குதுன்னு அத்தைக்கு குறையாம், அதுக்கு உரம் வேண்டாம், நேர் வெயில் தினம் அஞ்சாறு மணி நேரம் வேணும், உங்க காரிடார் எந்தப் பக்கம் பார்த்திருக்குங்கறதைப் பொறுத்துதான். அந்த இலைச்செடிங்களுக்கு அவ்ளோ வெயில் வேண்டாம், ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். காரிடார்ல எத்தனை வச்சாலும் நடக்கிறதுக்கு 1.2 மீட்டர் வழி விட்டிருக்கணும், ஸ்ட்ரெச்சர் போகணும் இல்லையா, இல்லேன்னா டவுன் கவுன்சில்ல இருந்து அடுத்த கடிதம் வரும்.

நீங்க கேக்காத ஒண்ணு: அத்தையோட கால்

"காலையில வெறுங்காலோட எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துவாங்க, குதிகால் வெடிச்சிருக்கு, சொன்னா கேக்க மாட்டாங்க." இதுவும் போறபோக்குல எழுதினதுதான். சுகர் இருக்கிறவங்களுக்கு பாதத்துல உணர்வு குறையும், வெடிப்புல மண்ணுக்கிருமி போனா தெரியாமலே முத்திடும். நம்ம பக்கத்து மண்ணுல மெலியோய்டோசிஸ்னு ஒரு வியாதிய உண்டாக்கற பாக்டீரியா இருக்கு, சிங்கப்பூர்லயும் இருக்கு, மழைக்காலத்துல கூடும், சுகர்காரங்களதான் அதிகம் பிடிக்கும். வீட்டுத் தொட்டியில அந்த ஆபத்து கம்மிதான், ஆனா வெடிச்ச கால் வெடிச்ச கால்தான். வீட்டுக்குள்ளயும் போடற மாதிரி ஒரு செருப்பு, மண்ணைத் தொட்டா கையுறை, ராத்திரி காலுக்கு கிரீம், பாலிகிளினிக்ல வருஷம் ஒருதடவை பாதப் பரிசோதனை. காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தா "நான் மண்ணுல வேலை செய்யறவ"ன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கும் கையுறை உண்டு. காரிடார் பூனைங்க தொட்டி மண்ணைத்தான் கழிவறையா நினைச்சுக்கும், அதுல இருந்து வர்ற டாக்ஸோபிளாஸ்மாங்கற கிருமி கர்ப்பத்துல நல்லதில்ல, கையுறை போட்டாலும் அப்புறம் சோப்பு போட்டு கை கழுவணும். புது மண் மூட்டைய பிரிக்கிறப்ப மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க, கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு கொட்டுங்க.

ஞாயித்துக்கிழமை

42ஐயும் ஒரே நாள்ல போட்டா என்ன ஆகும்? கொசு குறையும், அது நிஜம். இருமல் நிக்காது, ஏன்னா பஃபர் இன்னும் டிராயர்லதான் இருக்கும். அத்தை என்ன ஆவாங்கன்னு எனக்கு பயமா இருக்கு. புருஷனும் இல்லாம, ஊரும் இல்லாம, கீழ போனா பேச மொழியும் சரியா வராம, காலையில எழுந்ததும் அவங்களுக்காக காத்திருக்கிற ஒரே வேலை அதுதான். சாப்பாடு குறைஞ்சா சுகர் மாத்திரை போடறவங்களுக்கு சுகர் திடீர்னு இறங்கவும் செய்யலாம். ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா, தூக்கம் இல்லாம இருந்தா, அதையும் வியாதியாவே நினைச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

ஒண்ணும் போடாம அப்படியே விடறதும் சரியில்ல, 42 தொட்டிய தினம் குனிஞ்சு பார்க்க 67 வயசுல யாராலயும் முடியாது, அதனாலதான் ஜாடியில புழு வந்ததே தெரியாம போச்சு. என் கருத்து இருபதுக்குள்ள. எது இருக்கணும்னு உங்க வீட்டுக்காரர் முடிவு பண்ண வேண்டாம், அத்தை பண்ணட்டும், அவர் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். அரளிக்கு மட்டும் பேச்சு கிடையாது. மிச்சத்துல நல்லா இருக்கிறதை கீழ சமூகத் தோட்டம் இருந்தா அங்க கொடுக்கலாம், என்பார்க்ஸ் (தேசிய பூங்காக் கழகம்) 2005ல ஆரம்பிச்ச திட்டத்துல இப்ப தீவு முழுக்க 2,000க்கு மேல இருக்கு. அத்தையும் கூடப் போனா அங்க வர்ற நாலு மலாய் மக்சிக், சீன ஆன்ட்டிங்களோட கையாலயே பேசிக்குவாங்க, செடிக்காரங்களுக்கு மொழி ரொம்ப வேண்டியதில்ல. பூங்காவுல தனிப் பாத்தி வாடகைக்கு விடற திட்டமும் இருக்கு, 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், உயரமா கட்டின பாத்தி, குனிய வேண்டாம். உங்க பக்கம் காலி இருக்கான்னு பாருங்க, மல்லிகைக்கு அங்க வெயிலும் கிடைக்கும்.

அரளிய எடுக்கறப்ப கையுறை போட்டு, பால் கண்ணுல படாம வெட்டி, ரெண்டு பையில போட்டு இறுக்கிக் கட்டி குப்பையில போடுங்க, எரிக்கக் கூடாது, புகையும் விஷம். வெட்டறது வீட்டுக்காரர். பிள்ளைய அந்த நேரம் அத்தை கூட கீழ விளையாட அனுப்பிடுங்க, செருப்போட.